ட்ரெசர் ஒன்: 1.9.3-இலிருந்து 1.9.0-க்கு ஃபர்ம்வேரை இறக்கிய பதிவு

ட்ரெசர் ஒன் என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தின் ரகசியச் சாவிகளை வைத்துக்கொள்ளும் ஒரு சிறிய ஹார்டுவேர் வாலட். என்னிடம் இருக்கும் பழைய ட்ரெசர் ஒன்னில் 1.9.3 ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) இருந்தது. அதை 1.9.0-க்கு இறக்கி, ஒரு சோதனையை முடித்து, மறுபடி மேலே ஏற்றினேன். என்ன செய்தேன், எங்கே எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவி சோதனைக்கு மட்டுமே, இதில் பணம் எதுவும் கிடையாது. பணம் இருக்கிற வாலட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இறக்கினேன்? நான் பராமரிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. பிட்காயின் பரிவர்த்தனையைத் தயாரித்து, ட்ரெசரிடம் கையொப்பம் வாங்கி, நோடுக்கு (பிட்காயின் வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினி) அனுப்பும். பழைய ஃபர்ம்வேர்களில் நன்றாக ஓடிய அது, 1.9.1-இலிருந்து செக்விட் (பிட்காயினின் ஒரு பரிவர்த்தனை வடிவம்) உள்ளீடுகளில் நின்றுவிடுகிறது. உள்ளீடு என்பது முன்பு நமக்கு வந்து, இப்போது செலவழிக்கப் போகும் தொகை. 'இந்த உள்ளீடு எந்தப் பரிவர்த்தனையிலிருந்து வந்ததோ, அதை முழுதாகக் கொடு' என்று கருவி கேட்கிறது. ஸ்கிரிப்டிடம் கொடுக்க அது இல்லை. இது 2020 ஜூனில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் விளைவு. திருத்தத்தைப் பற்றிப் படித்திருந்தேன். ஆனால் ஒரே மீட்புச் சொற்கள் (சாவிகளைத் திரும்ப உருவாக்க உதவும் சொற்பட்டியல்), ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு ஃபர்ம்வேர் என்று வைத்து, அந்த ஓட்டை எப்படி வேலை செய்தது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்கிரிப்டில் கை வைக்க விரும்பினேன்.

சாதாரணப் பயனருக்கு இறக்க வேண்டிய தேவை வருவது அரிது. புதிய ஃபர்ம்வேரோடு ஒரு செயலி ஒத்துப்போகவில்லை என்றால் செயலியை மாற்றிப் பார்க்கலாம். எலெக்ட்ரம், ஸ்பாரோ போன்ற வாலட் செயலிகள் ட்ரெசரோடு நேரடியாகப் பேசும். சாவிகள் கருவியில்தான் இருக்கின்றன, செயலி வெறும் முகப்புதான். செயலிக்காக ஃபர்ம்வேரைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கருவி ஏன் எதிர்க்கிறது

ஃபர்ம்வேரைக் கீழே இறக்குவதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறார்கள். லெட்ஜரில் பயனர் பின்னோக்கிப் போக வழியே இல்லை. பிட்பாக்ஸ்02-வின் பூட்லோடர் (கருவி தொடங்கும்போது முதலில் ஓடி, ஃபர்ம்வேரைச் சரிபார்க்கும் சிறு நிரல்), கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருக்கும் ஃபர்ம்வேரை ஏற்க மறுக்கிறது. கோல்டுகார்டில் அந்தக் கோட்டைப் பயனரே போட்டுக்கொள்ள முடியும். மெனுவில் 'ஹை-வாட்டர்' என்ற அமைப்பு இருக்கிறது. இந்த வெர்ஷனுக்குக் கீழே இனிப் போகாதே என்று அதில் ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் திரும்ப முடியாது.

ட்ரெசரின் வழி வேறு. இறங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் சாவிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. ஃபர்ம்வேர் கோப்பின் தலைப்பகுதியில் இரண்டு வெர்ஷன் எண்கள் இருக்கின்றன. ஒன்று அந்த ஃபர்ம்வேரின் சொந்த எண். மற்றது, பாதுகாப்பு ரீதியாக எந்த வெர்ஷனுக்குக் கீழே போகக் கூடாது என்று குறிக்கும் எண். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்ம்வேர் குறித்து வைத்திருக்கும் அந்த இரண்டாவது எண்ணைவிடப் பழையதை நிறுவப் போனால், பூட்லோடர் சேமிப்பகத்தை அழித்துவிடும். அதிகாரபூர்வக் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரைப் போட்டாலும், அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து வெளியே வந்தாலும் அழிக்கும்.

இந்த அழிப்பைத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு வன்பொருள் ஹேக்கர் ஜோ கிராண்ட் 2022-இல் வெளியிட்ட மீட்பு வேலையைச் சொல்வேன். உரிமையாளர் பின் (PIN) எண்ணை மறந்துவிட்டதால், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்புள்ள தீட்டா என்ற கிரிப்டோ டோக்கன்கள் ஒரு ட்ரெசர் ஒன்னுக்குள் சிக்கிக்கொண்டிருந்தன. கருவியில் இருந்தது பழைய ஃபர்ம்வேர். அது மீட்புச் சொற்களையும் பின்னையும் தற்காலிகமாக ராமுக்கு (RAM, தற்காலிக நினைவகம்) நகலெடுத்த சமயத்தில், சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தை நுண்ணிய அளவில் குலைத்து, வாசிப்புப் பூட்டைத் தளரவைத்து, ராமைப் படித்தார். அங்கே அது உரிமையாளருக்கு நன்மையாக முடிந்தது. திருடன் கையில் இருந்தால் கதையே வேறு. ராமுக்கு நகலெடுக்கும் பழக்கம் பின்னால் வந்த ஃபர்ம்வேரில் நீக்கப்பட்டது. சாவிகள் அழியாமலே பழைய வெர்ஷனுக்குப் போக முடியும் என்றால், திருடிய எந்தக் கருவியையும் முதலில் அந்த வெர்ஷனுக்கு இறக்கிவிட்டு இதே வேலையைச் செய்யலாம். திருத்தம் வந்ததே வீணாகிவிடும். பழைய ஃபர்ம்வேரிலும் உண்மையான கையொப்பம் இருக்கிறது என்பதால், கையொப்பச் சோதனை மட்டும் இங்கே காப்பாற்றாது.

இறக்குவதற்கு முன்னால்

சரி, வேலைக்கு வருவோம். முதல் கேள்வி பூட்லோடர். ஃபர்ம்வேரை மாற்றும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ட்ரெசர் ஒன்னில் ஃபர்ம்வேருக்குள்ளேயே பூட்லோடரின் நகலும் இருக்கும். புதிய ஃபர்ம்வேர் முதல்முறை ஓடும்போது பூட்லோடரையும் புதுப்பித்துவிடும். ஆனால் பின்னோக்கி அது நடக்காது. பழைய ஃபர்ம்வேரிடம், தனக்குத் தெரிந்த பூட்லோடர்களின் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பட்டியல் ஒன்று இருக்கிறது. தான் வெளியான பிறகு வந்த பூட்லோடரைப் பார்த்தால், அறிமுகமில்லாத பூட்லோடர் என்று எச்சரித்துவிட்டு நின்றுவிடும். ஆக, அண்மைக்கால ஃபர்ம்வேர் ஏறிய கருவியை 2020-க்கு இறக்கிப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் நடக்காது. என் கருவி 1.9.3-உடன் நின்றுபோனதுதான் இந்தச் சோதனைக்கு வாய்ப்பாக அமைந்தது. கருவியை பூட்லோடர் நிலையில் செருகி, ட்ரெசர்சிடிஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் அதன் விவரங்களைக் கேட்டால், அந்த நிலையில் காட்டும் வெர்ஷன் எண் பூட்லோடருடையது. 1.9.0 காலத்தில் இருந்த அதே பூட்லோடர்தான் என்று உறுதி செய்துகொண்டு மேலே போனேன்.

இந்த எண்ணைப் பார்க்கும் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 2023-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு போலி ட்ரெசர் மாடல் டி-யைப் பிரித்து ஆராய்ந்து எழுதியது. வெளித் தோற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பூட்லோடர் வெர்ஷன் 2.0.4 என்று காட்டியது. அப்படி ஒரு வெர்ஷன் அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. உள்ளே சிப்பும் மாற்றப்பட்டிருந்தது. அது உருவாக்கித் தந்த மீட்புச் சொற்கள், முன்கூட்டியே தயாரித்து வைத்த 20 தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. வாங்கியவரின் காசு போய்விட்டது.

அடுத்தது ஃபர்ம்வேர் கோப்பு. தயாரிப்பாளரின் வெளியீட்டுத் தளத்தில் இருக்கும் கோப்பைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை. 1.9.0 காலத்து ட்ரெசர் ஒன்னுக்கான அதிகாரபூர்வ ஃபர்ம்வேரில், ஐந்து சாவிகளில் மூன்றின் கையொப்பம் இருக்க வேண்டும். ட்ரெசர்சிடிஎல் அதைக் கருவிக்கு அனுப்பும் முன்பே சரிபார்த்து, கைரேகை எண்ணையும் (ஃபர்ம்வேரை அடையாளம் காட்டும் ஹாஷ்) காட்டும். இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். தரவிறக்கிய கோப்புக்கு நீங்களே எஸ்எச்ஏ-256 ஹாஷ் போட்டுப் பார்த்தால் வரும் எண்ணும், வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும் கைரேகையும் ஒத்துப்போகாது. கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கைரேகை கணக்கிடப்படுவது கையொப்பங்கள் இருக்கும் இடத்தை விலக்கிவிட்டு. ஒப்பிட வேண்டியது கருவி காட்டும் கைரேகையைத்தான், முழுக் கோப்பின் ஹாஷை அல்ல. மூல நிரல் திறந்தே இருப்பதால், டாக்கர் என்ற தனிமைப்படுத்திய மென்பொருள் சூழலில் நீங்களே கட்டமைத்து அதே கைரேகை வருகிறதா என்றும் பார்க்கலாம்.

மீட்புச் சொற்கள்தான் இந்த வேலையின் முக்கியமான பகுதி. சோதனைக்கென்று கருவியிலேயே புதிதாக 24 சொற்களை உருவாக்கி எழுதிக்கொண்டேன். எழுதியதோடு நிறுத்தவில்லை. ஒத்திகை மீட்பு என்று ஒரு வசதி இருக்கிறது. எதையும் அழிக்காமல், நீங்கள் தரும் சொற்களும் உள்ளே இருக்கும் சாவியும் பொருந்துகின்றனவா என்று மட்டும் கருவி பார்த்துச் சொல்லும். பிப்-39 (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு எண் 39) முறையில் 24 சொற்கள் என்றால் 256 பிட் தற்செயல் எண்ணும் 8 பிட் சரிபார்ப்பும். அந்த 8 பிட், ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட்டால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முற்றிலும் வேறொரு வாலட்டின் சொற்களை இந்த வாலட்டுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. ஒத்திகை மீட்பு காட்டிக்கொடுக்கும். ஃபர்ம்வேரை இறக்கப் போகிறீர்களோ இல்லையோ, ட்ரெசர் வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திகைக்குப் பிறகு டெஸ்ட்நெட்டின் (சோதனைக்கான பிட்காயின் வலையமைப்பு) முதல் செக்விட் முகவரியைக் கருவியின் திரையில் காட்டச் செய்து, தாளில் எழுதிக்கொண்டேன். திரும்ப மீட்டபின் அதே முகவரி வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். மீட்புச் சொற்களோடு கூடுதல் ரகசியச் சொல்லாக பாஸ்ஃபிரேஸ் பயன்படுத்துபவர்கள், அதை உள்ளிட்ட பிறகு வரும் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாஸ்ஃபிரேஸ் கருவியில் சேமிக்கப்படுவதில்லை. ஓர் எழுத்து மாறினாலும் பிழைச் செய்தி வராது, காலியான வேறொரு வாலட் திறக்கும். அதைப் பார்த்துப் பணம் போய்விட்டதாக நினைத்துப் பதறியவர்கள் உண்டு.

இறக்குதல்

சேமிப்பகத்தை அழிக்குமா அழிக்காதா என்ற முடிவைப் பூட்லோடரிடம் விட எனக்கு விருப்பமில்லை. நானே கருவியைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். காலியான கருவியில் எது நடந்தாலும் இழக்க ஒன்றுமில்லை, மனமும் நிதானமாக இருக்கும்.

தயாரிப்பாளரின் கணினிச் செயலியான ட்ரெசர் சூட் திறந்திருந்தால் மூடிவிட வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கருவியோடு பேச முயன்றால் பாதியில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியில் நேரடியாகச் செருகுங்கள். கேபிள் தரவு போகும் கேபிளாக இருக்க வேண்டும். வெறும் சார்ஜ் கேபிளில் திரை ஒளிரும், கணினிக்கோ எதுவும் தெரியாது. லினக்ஸில் இன்னொன்று: பூட்லோடர் நிலையில் கருவி வேறொரு யூஎஸ்பி அடையாள எண்ணோடு வருகிறது. சாதாரண நிலையில் வேலை செய்த யூடெவ் விதி (யூஎஸ்பி கருவிக்கு அனுமதி தரும் அமைப்பு) பூட்லோடரையும் சேர்த்துக்கொள்கிறதா என்று முன்பே பாருங்கள். தயாரிப்பாளர் தரும் விதிக் கோப்பில் இரண்டும் இருக்கின்றன.

இடது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகினால் ட்ரெசர் ஒன் பூட்லோடர் நிலைக்குப் போகும். மிகப் பழைய பூட்லோடர்களில் இரண்டு பொத்தான்களையும் பிடிக்க வேண்டும். மாடல் டி-யில் பொத்தான் கிடையாது, செருகும்போது திரையில் விரலால் தேய்க்க வேண்டும். நிலை மாறியதும் ட்ரெசர்சிடிஎல்லின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கட்டளையில், தரவிறக்கி வைத்த 1.9.0 கோப்பின் பெயரைக் கொடுத்தேன். கையொப்பம் சரி என்று சொன்னது, கைரேகையைக் காட்டியது. அதே நேரம் கருவியின் திரையில், புதிய ஃபர்ம்வேரை நிறுவவா, மீட்பு அட்டை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள் என்ற கேள்வி வந்தது. வலது பொத்தானை அழுத்தியதும் பழையதை அழித்து, புதியதை எழுதி, கேபிளைப் பிடுங்கச் சொன்னது. எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. மறுபடி செருகி விவரம் கேட்டபோது 1.9.0.

மீட்பில் ட்ரெசர் ஒன்னின் முறை கவனிக்கத்தக்கது. திரை சிறியது, விசைப்பலகை இல்லை. அதனால் சொற்களைக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் எத்தனையாவது சொல் என்று கருவிதான், கலைத்துப்போட்ட வரிசையில், தன் திரையில் கேட்கும். கணினியில் உளவு நிரல் இருந்தாலும் அதற்குச் சொற்கள் தெரியும், வரிசை தெரியாது. 24 சொற்களை வரிசைப்படுத்தும் வழிகள் சுமார் 6.2 × 10²³. 12 சொற்கள் என்றால் வழிகள் 48 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, அதை உடைப்பது கணினிக்குச் சுலபம். அதனால்தான் குறைந்த சொற்கள் இருக்கும்போது நடுநடுவே போலிச் சொற்களையும் தட்டச்சு செய்யச் சொல்லி அது ஏமாற்று வேலை காட்டுகிறது. உண்மையான பணம் உள்ள சொற்களுக்கு, எழுத்துகளைக் கருவித் திரையில் மட்டும் காட்டும் மேம்பட்ட மீட்பு முறைதான் நல்லது என்பேன்.

மீட்டு முடித்ததும் முகவரியைக் காட்டச் சொன்னேன். தாளில் இருந்ததும் திரையில் வந்ததும் ஒன்றுதான்.

ஓட்டையைக் கண்ணால் பார்த்தது

இனி, எதற்காக இறங்கினேனோ அந்த வேலை. செக்விட் கையொப்பத்தை வரையறுக்கும் பிப்-143-இல், ஒவ்வோர் உள்ளீட்டின் கையொப்பமும் அந்த ஓர் உள்ளீட்டின் தொகையை மட்டும் உள்ளடக்கும். மற்ற உள்ளீடுகளின் தொகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஓர் உள்ளீட்டின் தொகையைக் கணினி பொய்யாகச் சொன்னால் அந்த உள்ளீட்டின் கையொப்பம் செல்லாது, ஆகவே ஆபத்தில்லை என்றுதான் நெடுநாள் நம்பப்பட்டது. அதில் ஓர் இடுக்கு இருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் சலீம் ரஷீத் அதைத் தயாரிப்பாளர்களுக்குத் தெரிவித்தார்.

என் கணினியில் ரெக்டெஸ்ட் வலையமைப்பை (ஒரே கணினிக்குள் ஓடும் தனிச் சோதனை வலையமைப்பு) ஓடவிட்டு, கருவியின் சாவிகளுக்கு இரண்டு உள்ளீடுகளைத் தயார் செய்தேன். ஒன்றில் 8 காயின், மற்றதில் 9. பரிவர்த்தனைக்குள் வலையமைப்பின் பெயர் எதுவும் இல்லாததால், டெஸ்ட்நெட் என்று சொல்லிக் கருவியிடம் வாங்கிய கையொப்பம் ரெக்டெஸ்டிலும் செல்லும். அனுப்ப வேண்டியது 10 காயின். முதல் தடவை கருவியிடம், முதல் உள்ளீடு 8, இரண்டாவது 2.001 என்றேன். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். கூட்டினால் 10.001. கருவியின் திரை, கட்டணம் 0.001 என்று காட்டியது. கையொப்பமிட்டேன். இரண்டாம் தடவை, ஏதோ பிழையால் மறுபடி கேட்பதுபோல, முதல் உள்ளீடு 1.001, இரண்டாவது 9 என்றேன். இப்போது முதலாவது பொய், இரண்டாவது உண்மை. திரையில் மறுபடியும் அதே 10, அதே 0.001 கட்டணம். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

முதல் தடவையிலிருந்து முதல் உள்ளீட்டின் கையொப்பம், இரண்டாம் தடவையிலிருந்து இரண்டாவது உள்ளீட்டின் கையொப்பம். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் சேர்த்தேன். இரண்டுமே உண்மைத் தொகைக்கு இட்ட கையொப்பங்கள், இரண்டுமே செல்லும். உள்ளே போவது 17, வெளியே வருவது 10. மிச்சம் 7 காயினும், பரிவர்த்தனைகளை பிளாக்கில் சேர்க்கும் சுரங்கக்காரருக்குக் கட்டணம்.

நோடு மென்பொருளான பிட்காயின் கோர் முதலில் ஏற்க மறுத்தது. ஆனால் மறுப்புக்குக் காரணம் கையொப்பம் அல்ல. கட்டண விகிதம் உச்சவரம்பைத் தாண்டுகிறது என்றது. அந்த உச்சவரம்பு உள்ளூர் நோடு தன் பயனரைக் காக்க வைத்திருக்கும் வேலி மட்டுமே, வலையமைப்பின் விதி அல்ல. வரம்பை நீக்கிக் கேட்டதும் ஏற்றுக்கொண்டது. ஒரு பிளாக்கைச் சுரங்கமிட்டதும் பரிவர்த்தனை உறுதியானது. இத்தனைக்கும் கருவியின் திரையில் இருந்த ஒவ்வோர் எண்ணையும் நான் கவனமாகப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். திரையைப் பார்த்துச் சரி சொன்னால் போதும் என்ற நம்பிக்கையில்தான் ஹார்டுவேர் வாலட்டே நிற்கிறது. அந்த நம்பிக்கை இங்கே கணினி சொன்ன ஒரு பொய்யால் உடைந்தது. கட்டணம் திருடனுக்கு நேராகப் போகாதுதான். ஆனால் சுரங்கக்காரரோடு கூட்டுச் சேர்ந்தவனுக்கு, அல்லது கையொப்பங்களை வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் கேட்பவனுக்கு அது போதும்.

அப்புறம் மறுபடி பூட்லோடர் நிலை, இந்த முறை 1.9.1. அதே சொற்கள், அதே முகவரி, அதே ஸ்கிரிப்ட். முதல் உள்ளீட்டிலேயே கருவி முந்தைய பரிவர்த்தனையைக் கேட்டது. அதைத் துண்டு துண்டாக வாங்கி, தானே ஹாஷ் செய்து, உள்ளீடு சுட்டும் அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, தொகையை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தொகையில் பொய் சொல்ல இடமே இல்லை. நிறைய உள்ளீடுகள் இருந்தால் கையொப்பம் மெதுவாகும். முந்தைய பரிவர்த்தனைகள் பெரியவையாக இருந்தால் இன்னும் மெதுவாகும். அந்தத் தாமதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். 2021 நவம்பரில் செயல்பாட்டுக்கு வந்த டேப்ரூட் என்ற பிட்காயின் புதுப்பிப்பில், ஒவ்வொரு கையொப்பமும் எல்லா உள்ளீடுகளின் தொகையையும் உள்ளடக்குவதால் இந்தச் சிக்கல் அடியோடு இல்லை.

ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் முந்தைய பரிவர்த்தனையை நோடிலிருந்து எடுத்துக் கருவியிடம் கொடுக்கிறது. நோடால் கொடுக்க முடியாவிட்டால், ஸ்கிரிப்ட் கையொப்பமே கேட்காமல் நின்றுவிடும். பழைய ஃபர்ம்வேராக இருந்தால் கேட்காமலே கையொப்பமிட்டுவிடும் என்பதால், 1.9.1-க்குக் கீழே இருக்கும் கருவியோடு இனி பேசவே மறுக்கும்படியும் எழுதியிருக்கிறேன்.

சோதனைக் கருவியை இன்றைய வெர்ஷன் வரை ஏற்றவில்லை. ஏற்றினால் பூட்லோடர் மாறிவிடும், அப்புறம் 1.9.0-ஐத் தொட முடியாது. ஸ்கிரிப்டில் ஏதாவது மாற்றும்போது இரண்டு பக்கமும் பார்க்க எனக்கு அது வேண்டும். 1.9.1-இலேயே நிறுத்தி, பின்புறம் 'சோதனை மட்டும், பணம் அனுப்பாதே' என்று ஒட்டி, வாலட் பெயரையும் அப்படியே மாற்றி வைத்திருக்கிறேன். பழைய ட்ரெசர் ஒன்னைப் பயன்பாட்டுக்காக மேலே ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மிகப் பழைய பூட்லோடர் உள்ள கருவி நேராகப் புதிய ஃபர்ம்வேருக்குத் தாவாது, நடுவில் ஓர் இடைக்கால ஃபர்ம்வேர் வழியாகத்தான் போகும். நடுவில் திரையில் வேறு வெர்ஷன் தெரிந்தால் கேபிளைப் பிடுங்கிவிடாமல், சூட் சொல்கிறபடி கடைசிவரை போங்கள். மீட்புச் சொற்களை ஒத்திகை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.